மாணவர்களுக்கான மனநலச் செயலியைப் பள்ளியில் சோதிப்பது எப்படி? டர்பனிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், தமிழர் உள்ளிட்ட இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் வட்டார உயர்நிலைப் பள்ளிகளில் முழுநேர உளவியலாளர் இருப்பது அரிது. லைஃப் ஓரியண்டேஷன் (வாழ்க்கைத் திறன்) பாடம் நடத்துகிற ஆசிரியரிடம்தான் பிள்ளைகள் போய் அழுகிறார்கள். அவருக்கோ வகுப்பு, தேர்வு, விடைத்தாள் என்று தலைக்கு மேல் வேலை. கோவிட், 2021 ஜூலைக் கலவரம், எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் பலிகொண்ட 2022 ஏப்ரல் வெள்ளம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். வீட்டில் பணமுடை, தெருமுனையில் சுகர்ஸ் என்ற போதைப்பொருள் விற்பவன் என்று மற்றச் சுமைகள் வேறு.

அதனால், "போனில் ஒரு செயலி, தொலைவிலிருந்து பேச ஓர் ஆலோசகர்" என்று யாராவது வந்து சொன்னால் பள்ளி நிர்வாகக் குழுவில் எல்லோருக்கும் பாதி பாரம் இறங்கிவிடும். அந்த நிம்மதியில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். செயலி நல்லதாகவே இருக்கலாம். நம் பிள்ளைகளிடம், நம் போன்களில், நம் வீடுகளில் அது வேலை செய்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஆசிரியர்கள், நிர்வாகக் குழுவில் இருக்கும் பெற்றோர், கோயில் இளைஞர் சங்கத்தார், இதை ஆய்வாகச் செய்ய நினைக்கும் பல்கலைக்கழக மாணவர்கள் எல்லோரையும் மனதில் வைத்திருக்கிறேன்.

என் கட்சி ஒன்றுதான்: செயலியைச் சோதிக்கும் முன்னால், அதற்குப் பின்னால் நிற்கும் ஆட்களைச் சோதியுங்கள்.

முதல் படி: கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

"இந்தச் செயலி உதவுமா?" என்பது கேள்வியே இல்லை. யாருக்கு, எவ்வளவு காலம், எதோடு ஒப்பிட்டு, எது மாற வேண்டும் என்று சொல்ல வேண்டும். உதாரணமாக: "8 முதல் 11ஆம் கிரேடு வரை படிக்கும், மனச்சோர்வு அறிகுறி இருக்கும் பிள்ளைகள், ஆலோசகரின் வாராந்தரத் தொலைபேசி அழைப்போடு 8 வாரம் இந்தச் செயலியைப் பயன்படுத்தினால், படிப்புத் திறன் பயிற்சி மட்டும் பெறும் பிள்ளைகளைவிட, 3 மாதம் கழித்து அவர்களின் சோர்வு குறைந்திருக்குமா?" இப்படி எழுதினால் பாதித் தகராறு அங்கேயே தீர்ந்துவிடும்.

இங்கே எடுக்க வேண்டிய பெரிய முடிவு, எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதா, தேவைப்படுகிறவர்களுக்கு மட்டுமா என்பது. எல்லோருக்கும் கொடுத்தால் யார் மீதும் முத்திரை விழாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிட்டனில் மிரியட் என்ற பெரிய சோதனையில் 8,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து, மனநிறைநிலைப் பயிற்சியை (மைண்ட்ஃபுல்னஸ்) வகுப்பு முழுவதற்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் முடிவு வந்தபோது, வழக்கமான பள்ளிப் பாடத்தைவிட அது மேலானதாக இல்லை. கஷ்டத்தில் இல்லாத பிள்ளைக்குக் குறைய என்ன இருக்கிறது? அளவுகோலில் அசைவே தெரியாது. தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் கொடுப்பது என் தேர்வு. ஆனால் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று வகுப்புக்குத் தெரியாதபடி செய்ய வேண்டும்.

முன்னால் செய்தவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நியூசிலாந்தின் ஸ்பார்க்ஸ் என்ற கணினி விளையாட்டு 187 வளரிளம் பருவத்தினரிடம் சோதிக்கப்பட்டது. 2012இல் வெளியான முடிவின்படி, வழக்கமான ஆலோசனைக்கு அது குறைந்ததாக இல்லை. கென்யாவில் ஷமிரி என்ற இளையோர் மனநல அமைப்பினர் தங்கள் பள்ளிச் சோதனைகளில் ஒப்பீட்டுக் குழுவைச் சும்மா விடாமல் படிப்புத் திறன் பயிற்சி கொடுத்தார்கள். நமக்கு மிக அருகில் இருப்பது ம்புமலாங்கா மாகாணத்தின் புஷ்பக்ரிட்ஜ். அங்கே 15 முதல் 19 வயதுள்ள 200 பேரிடம் குவாம்ஷா என்ற செயலியைச் சோதித்தார்கள். செயலியோடு, பயிற்சி பெற்ற இளம் வழிகாட்டிகள் போனிலும் பேசினார்கள். செயலியைக் கொடுத்துவிட்டுக் கையை உதறிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாம் படி: இரவு 11 மணிக்கு யார் எடுப்பார்கள்?

வழிகாட்டியிலேயே நீளமான படி இதுதான். இது சரியாக அமையாவிட்டால் மற்றப் படிகளுக்குப் போகவே வேண்டாம்.

தொலைவழி உதவியில் பிள்ளை எங்கே இருக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், கையில் என்ன இருக்கிறது என்று ஆலோசகருக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்தால் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். "எனக்கு வாழப் பிடிக்கவில்லை" என்று ஒரு வரி மட்டும் திரையில் வந்தால் என்ன செய்வது? அந்த வரி செவ்வாய் காலை 10 மணிக்கு வரலாம். சனி இரவும் வரலாம்.

ஒரு தாளை எடுத்து, அந்த வரி வந்த நொடியிலிருந்து ஒவ்வொரு கைமாற்றத்தையும் எழுதுங்கள். யார் போனில் முதலில் மணி அடிக்கும்? அவர் எடுக்காவிட்டால் எத்தனை நிமிடத்தில் அடுத்தவருக்குப் போகும்? பிள்ளையின் முகவரி யாரிடம் இருக்கிறது? அம்மாவைக் கூப்பிடுவதா? அந்த வீட்டில் அடிப்பது அம்மாவின் கணவராக இருந்தால் வேறு யாரை? வீட்டுக்கு நேரில் போகக்கூடியவர் யார், அவரிடம் வண்டி இருக்கிறதா? சாட்ஸ்வொர்த் என்றால் ஆர். கே. கான் மருத்துவமனை, ஃபீனிக்ஸ் என்றால் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை என்று, எந்த வாசலுக்குப் போவது என்பது வரை எழுதுங்கள். பதவிப் பெயர் போதாது. ஆளின் பெயரும் எண்ணும் தாளில் இருக்க வேண்டும். "பள்ளி ஆதரவுக் குழு" என்று எழுதி வைத்தால் இரவில் யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.

அப்புறம் அந்தத் தாளைச் சோதியுங்கள். ஒரு ஆசிரியர் மாணவர் கணக்கில் நுழைந்து, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் ஓர் ஆபத்தான செய்தியை அனுப்பட்டும். சோதனை நடக்கப்போகிறது என்று மேற்பார்வையாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். எத்தனை நிமிடத்தில் மனிதக் குரல் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வேறொரு நாள் ஞாயிறு பிற்பகலிலும் செய்யுங்கள். தானியங்கிப் பதில் வந்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். "உங்கள் செய்தி எங்களுக்கு முக்கியம்" என்ற வரி அந்த நேரத்தில் ஒரு பிள்ளைக்கு எதுவும் செய்யாது.

செயலியில் இணையம் இல்லாமலும் திறக்கும் ஒரு பக்கம் இருக்க வேண்டும். அதில் சிறார் உதவி எண்ணான சைல்ட்லைன் 116, சாடாக் என்ற மனநல அமைப்பின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567, கைபேசியிலிருந்து அவசர உதவி 112 ஆகிய மூன்றும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். ஏர்டைம் துளியும் இல்லாத ப்ரீபெய்டு சிம்மிலிருந்து நீங்களே ராத்திரி ஒன்பது மணிக்கு அழைத்துப் பாருங்கள். எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காத்திருக்க வேண்டியிருக்கலாம் என்று தெரிந்த பிள்ளை சட்டென்று போனை வைத்துவிடாது.

ஆலோசகர்களின் பதிவையும் இப்போதே சரிபாருங்கள். உளவியலாளரும் பதிவுபெற்ற ஆலோசகரும் தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழில்முறைக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். தொலைமருத்துவத்துக்கென்றே அந்தக் கவுன்சில் வழிகாட்டுதல்கள் வைத்திருக்கிறது. பயிற்சி பெற்ற இளைஞர்களை அழைப்பாளர்களாக வைக்கலாம், தவறில்லை. ஆனால் அவர்களுக்கு மேலே பதிவுபெற்ற ஒருவர் வாராவாரம் அழைப்புகளைக் கேட்டு, பேசி, தூக்கிவிட வேண்டும். பிள்ளைகளின் துயரத்தை நாள் முழுக்கக் கேட்கிற இருபத்து மூன்று வயதுப் பெண்ணும் யாருக்கோ பிள்ளைதான்.

மூன்றாம் படி: மலிவான போனில், நெரிசலான வீட்டில் திறந்து பாருங்கள்

செயலியைக் காட்ட வருகிறவர் புதிய போனில், வைஃபையில் காட்டுவார். நீங்கள் வகுப்பில் இருப்பதிலேயே பழைய ஆண்ட்ராய்டு போனைக் கடன் வாங்குங்கள். திரை விரிசல் விட்டிருந்தாலும் பரவாயில்லை. அதில் இறக்குங்கள். இடம் போதவில்லை என்கிறதா? பிள்ளை ஃபோட்டோக்களை அழித்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுமா? மாட்டாது. ஓர் அமர்வு முடிந்ததும் போன் அமைப்புகளுக்குப் போய், செயலி எத்தனை எம்பி தின்றது என்று பாருங்கள். அதை எட்டு வாரத்துக்குப் பெருக்கி, ப்ரீபெய்டு விலையில் ராண்டாக மாற்றுங்கள். அந்தப் பணத்தை யார் தருவது என்று சோதனை தொடங்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். காணொளி நிறைந்த செயலி என்றால் மாதக் கடைசியில் பிள்ளைகள் காணாமல் போவார்கள்; செயலி பிடிக்கவில்லை என்று நீங்கள் தப்பாக எழுதிவிடுவீர்கள்.

மின்வெட்டு 2024இலிருந்து வெகுவாகக் குறைந்துவிட்டது. இருந்தாலும் செல்போன் கோபுரம் செத்த மாலைகள் இன்னும் உண்டு. பாதிப் பயிற்சியில் இணைப்பு போனால் எழுதியது நிற்கிறதா, அழிகிறதா? ஒரு பிள்ளை மனதைத் திறந்து எழுதியது அழிந்துபோனால் இரண்டாம் முறை எழுதாது.

இனி வீட்டுக்கு வருவோம். நம் வீடுகளில் போன் ஒருவருடையது மட்டும் இல்லை. சாட்ஸ்வொர்த்தின் இரட்டை மாடி வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: முன்னறையில் டிவி, பின்னால் ஒரே படுக்கையறை, அதில் அக்கா, தங்கை, ஆயா மூவரும். ஒன்பதாம் கிரேடு படிக்கும் தங்கையின் போன் சமையலறை மேடையில் சார்ஜில் கிடக்கிறது. ஆயா பருப்பு தாளித்துக்கொண்டிருக்கிறார். போன் ஒளிர்கிறது: "இன்று உன் சோகம் எப்படி இருக்கிறது?" ஆயா படிக்கிறார். அவ்வளவுதான். இரவுச் சாப்பாட்டின்போது "என்ன சோகம் உனக்கு? நாங்கள் என்ன குறை வைத்தோம்?" என்று தொடங்கும். நாளைக்குள் அத்தைக்கும் தெரியும். ஆயா கெட்டவர் இல்லை. பேத்தி மேல் உயிரையே வைத்திருப்பவர். திருஷ்டி கழித்து, விபூதி பூசிவிடுவார். ஆனால் அந்தப் பெண் செயலியை நீக்கிவிடும்.

அதனால் இவற்றைத் தேடிப் பாருங்கள். அறிவிப்பில் என்ன வருகிறது, அதை முழுவதும் நிறுத்த முடியுமா? செயலியின் படமும் பெயரும் மனநோய் என்று கத்துகிறதா, சாதாரணமாக இருக்கிறதா? தனிக் கடவுக்குறி உண்டா? போன் திருடு போனால் (டாக்ஸியில் போய்வருகிற பிள்ளைகளுக்கு இது நடக்கக்கூடியதுதான்) வேறு போனிலிருந்து கணக்கைப் பூட்ட முடியுமா? ஆலோசகர் அழைக்கும்போது பெயர் என்னவென்று தெரியும்? பேச இடம் இல்லாத பிள்ளை எழுத்திலேயே பதில் சொல்லலாமா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பிள்ளைகளிடமே கேளுங்கள். கோயில் மண்டபத்தின் பின்பக்கம், நூலகத்தின் மூலை, மதிய இடைவேளையில் லைஃப் ஓரியண்டேஷன் அறை என்று இடங்களை அவர்களே சொல்வார்கள்.

நான்காம் படி: அனுமதிகள்

இதை அவசரப்படுத்த முடியாது, மாதக்கணக்கில் ஆகும். வரிசை இதுதான்: பல்கலைக்கழகத்தில் பதிவுபெற்ற ஆய்வு நெறிமுறைக் குழு, மாகாணக் கல்வித் துறை, பள்ளி முதல்வர், பள்ளி நிர்வாகக் குழு, பெற்றோர், கடைசியில் பிள்ளை. கடைசியில் வருவதால் பிள்ளையின் சம்மதம் சின்னது என்று எண்ண வேண்டாம். எல்லோரும் சரி என்று சொல்லி, பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஆசிரியர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று. 2005ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி, 12 வயதைத் தாண்டிய, விளைவுகளைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சியுள்ள பிள்ளை தன் மருத்துவச் சிகிச்சைக்குத் தானே ஒப்புதல் தரலாம். ஆனால் நீங்கள் செய்வது ஆய்வு. 2003ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, சிறாரை வைத்து ஆய்வு செய்யப் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதலைக் கேட்கிறது. வீட்டில் சொல்ல முடியாத நிலையில் உள்ள பிள்ளைகள் இதனால் வெளியே நின்றுவிடுவார்கள். அவர்களுக்கு ஆய்வுக்கு வெளியே ஆலோசனை கிடைக்க ஒரு வழியை முதலிலேயே ஏற்பாடு செய்யுங்கள். நெறிமுறைக் குழுவிடமும் இதைத் திறந்து பேசுங்கள்.

ரகசியம் காப்போம் என்று வாக்குக் கொடுக்கும்போது அதன் எல்லையையும் சேர்த்தே சொல்லுங்கள். சிறார் சட்டத்தின் 110ஆம் பிரிவுப்படி, பிள்ளை கொடுமைக்கு ஆளாகிறது என்று நியாயமான காரணத்தோடு முடிவுக்கு வரும் ஆசிரியரும் சமூகப் பணியாளரும் உளவியலாளரும் அதை அறிவித்தே ஆக வேண்டும். சிறார் மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தால் எவரும் காவல்துறையிடம் சொல்ல வேண்டும். "எல்லாம் நமக்குள்ளேயே இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பிறகு போலீசுக்குப் போனால், அந்தப் பிள்ளை வாழ்நாளில் எந்தப் பெரியவரையும் நம்பாது.

தகவல் பாதுகாப்புக்கு போபியா சட்டம் இருக்கிறது. 2021 ஜூலை 1 முதல் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். சிறாரின் தகவலுக்கும் உடல்நல, மனநலத் தகவலுக்கும் அதில் தனிப் பாதுகாப்பு உண்டு. செயலி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: சர்வர் எந்த நாட்டில்? வேறு யாரெல்லாம் பார்க்கிறார்கள்? விளம்பர நிறுவனங்களுக்குத் தகவல் போகிறதா? பிள்ளை கேட்டால் எத்தனை நாளில் அழிப்பார்கள்? மழுப்பினால் அந்தச் செயலி வேண்டாம்.

பெற்றோர் கூட்டம் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளையின் கையில் அனுப்பும் கடிதம் பையிலேயே கசங்கிப்போகும். சனிக்கிழமைக் காலையில் பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ கூட்டி, செயலியைத் திரையில் திறந்து காட்டுங்கள். "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்ற பயம் அந்த அறையில் உட்கார்ந்திருக்கும். அதை அடக்கப் பார்க்காமல், கேள்வியாக வரவிடுங்கள். தைப்பூசக் காவடி விரத நாட்களிலும் ஈஸ்டர் வார இறுதியிலும் கூட்டம் வைக்காதீர்கள். புரட்டாசியில் வைத்தால் மாலை பூஜைக்கு முன்னால் முடியுங்கள்.

ஐந்தாம் படி: அளவுகோலும் மொழியும்

நன்றாகச் சோதிக்கப்பட்ட வினாத்தாள்களையே எடுங்கள், புதிதாக எழுத வேண்டாம். மனச்சோர்வுக்கு, வளரிளம் பருவத்தினருக்காகத் திருத்தப்பட்ட பிஎச்கியூ-ஏ: 9 கேள்வி, 0 முதல் 27 வரை மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். பதற்றத்துக்கு ஜிஏடி-7: 7 கேள்வி, 0 முதல் 21 வரை. பொதுவான நடத்தைக்கும் உணர்வுக்கும் எஸ்டிகியூ: 25 கேள்வி, 11 முதல் 17 வயதுவரை பிள்ளையே நிரப்பலாம். மூன்றையும் வைத்துப் பிள்ளைகளை நோகடிக்காதீர்கள். ஒன்றை முதன்மை அளவாக முன்கூட்டியே அறிவித்து, இன்னொன்றைத் துணைக்கு வைத்தால் போதும்.

பிஎச்கியூ-ஏயின் ஒன்பதாம் கேள்வி, செத்துப்போயிருந்தால் நன்றாயிருக்கும் என்ற நினைப்பையும் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் பற்றியது. அதைக் கேட்டால் பதிலை அன்றைக்கே ஒருவர் படிக்க வேண்டும். அதனால் வினாத்தாளைத் திங்கள் முதல் வியாழன் வரை காலையில் மட்டும் திறந்து வைக்கச் சொல்கிறேன். வெள்ளி மாலை திறந்தால் பதில்கள் திங்கள் வரை யாரும் பார்க்காமல் கிடக்கும். அதை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

மொழியைப் பொறுத்தவரை, நம் பிள்ளைகளுக்கு வீட்டிலும் ஆங்கிலம்தான். தமிழ் பெரும்பாலும் கோயிலிலும் உறவுமுறையிலும் சமையலறையிலும் நிற்கிறது. பக்கத்து இருக்கையில் இசிசூலு (சூலு மொழி) பேசும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் வைத்தால் அவர்களை ஓரமாகத் தள்ளுகிறீர்கள். எந்த மொழியானாலும், ஏழெட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாகப் படிக்கச் சொல்லி, "இது என்ன கேட்கிறது?" என்று அவர்கள் வாயாலேயே சொல்லவையுங்கள். "பசி இல்லை" என்ற கேள்விக்கு, வீட்டில் சாப்பாடு இல்லாததைச் சொல்கிற பிள்ளையும் இருக்கும். அப்படி வந்தால் அந்தப் பிள்ளைக்கு முதலில் தேவை செயலி அல்ல.

ஆறாம் படி: எத்தனை பேர், எப்படிப் பிரிப்பது

மோசமான வாரத்தில் வினாத்தாள் நிரப்பும் பிள்ளை, ஒன்றும் செய்யாவிட்டாலும் இரண்டு மாதத்தில் கொஞ்சம் தேறியிருக்கும். அதனால் "முன்னால் 14, பின்னால் 10" என்ற கணக்கு மட்டும் எதையும் நிரூபிக்காது. ஒப்பீட்டுக் குழு வேண்டும். யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிக்க வேண்டும். "கஷ்டப்படும் பிள்ளைகளுக்கு முதலில் கொடுப்போம்" என்று ஆசிரியர் மனமிரங்கித் தேர்ந்தெடுத்தால் சோதனை கெட்டது. மிகவும் ஆபத்தில் இருக்கும் பிள்ளையைச் சீட்டில் போடவே கூடாது. நேராக மனிதரிடம் அனுப்ப வேண்டும்.

ஒரே வகுப்பில் பாதிப் பேருக்குக் கொடுத்தால் மதிய இடைவேளைக்குள் மற்ற பாதியும் போனை எட்டிப் பார்த்துவிடும். அதனால் வகுப்பு வகுப்பாகப் பிரிப்பது நல்லது. அதற்கு ஒரு விலை உண்டு. நடுத்தரத்துக்குக் கீழான ஒரு வித்தியாசத்தைக் (திட்ட விலக்கத்தில் 0.3 பங்கு) கண்டுபிடிக்க, தனித்தனியாகப் பிரித்தால் குழுவுக்குச் சுமார் 175 பேர் போதும். வகுப்புக்கு 30 பேர், ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு 0.02 என்று வைத்தால், 1 + 29 × 0.02 = 1.58 மடங்கு வேண்டும். அதாவது சுமார் 277 பேர். பத்தில் மூன்று பேர் நடுவில் விடுவார்கள் என்று வைத்தால் குழுவுக்கு 395 பேர். இரண்டு குழுவுக்கும் சேர்த்து 790. கிட்டத்தட்ட 28 வகுப்புகள். தேவைப்படுகிறவர்களை மட்டும் சேர்த்தால் வகுப்புக்கு 30 பேர் கிடைக்க மாட்டார்கள். வகுப்புகள் இன்னும் கூடும். இந்தக் கணக்கைப் புள்ளியியல் தெரிந்தவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பள்ளியை மட்டும் வைத்து "வேலை செய்கிறது" என்று அறிவிப்பவர்களை ஏன் நம்பக்கூடாது என்பது இதிலேயே தெரியும்.

ஏழாம் படி: முதலில் சின்ன ஓட்டம்

அவ்வளவு பெரிய சோதனைக்கு முன்னால் 40 முதல் 60 பிள்ளைகளோடு ஒரு சின்ன ஓட்டம் விடுங்கள். பலன் உண்டா என்று இதில் தேடாதீர்கள், எண்ணிக்கை போதாது. எத்தனை பெற்றோர் கையெழுத்திட்டார்கள், எத்தனை பேர் மூன்றாம் அமர்வைத் தாண்டினார்கள், அழைப்புகளில் எத்தனை எடுக்கப்பட்டன, அபாய எச்சரிக்கைகள் எத்தனை வந்து எத்தனை நிமிடத்தில் தீர்ந்தன என்றுதான் பார்க்க வேண்டும். எந்த எண்ணைத் தொட்டால் பெரிய சோதனைக்குப் போவோம் என்பதை ஓட்டத்துக்கு முன்பே எழுதி வையுங்கள். பின்னால் எழுதினால் மனசு வளைந்துவிடும்.

எட்டாம் படி: பள்ளி ஆண்டோடு பொருத்துங்கள்

நம் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி நான்கு பருவமாக ஓடுகிறது. சின்ன ஓட்டத்தை முதல் பருவத்தில் வைக்கலாம். பெரிய சோதனையை அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தொடங்கினால், 8 வாரம் ஜூன் தேர்வுக்கு முன்னால் முடிந்து, 3 மாதத் தொடர் அளவீடு மூன்றாம் பருவத்தில் விழும். அக்டோபரிலிருந்து பள்ளிப் பக்கமே போகாதீர்கள். 12ஆம் கிரேடு பிள்ளைகளை மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) ஆண்டில் சோதனைக்குள் இழுக்க வேண்டாம். உதவி கேட்டால் நேராக உதவுங்கள். இரண்டு குழுவையும் ஒரே வாரத்தில் அளக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தொடங்கும் முன் சோதனைத் திட்டத்தைப் பதிவு செய்யுங்கள். தென்னாப்பிரிக்கத் தேசிய மருத்துவச் சோதனைப் பதிவேடும் கேப் டவுனிலிருந்து நடக்கும் பான் ஆப்பிரிக்கப் பதிவேடும் இதற்கென்றே இருக்கின்றன.

ஒன்பதாம் படி: ஓடும்போது யார் உதிர்கிறார்கள்?

போனில் தரும் எந்த உதவியிலும் பிள்ளைகள் உதிர்வார்கள். முதல் வாரம் ஆர்வம், மூன்றாம் வாரம் மறதி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் மறைக்கக் கூடாது. யார் பாதியில் விட்டார்கள், செயலியின் எந்தப் பக்கத்தில் விட்டார்கள், ஏன் என்று போன் போட்டுக் கேளுங்கள். டேட்டா தீர்ந்ததா, அண்ணன் போனைப் பிடுங்கினானா, ஆலோசகரின் குரல் பிடிக்கவில்லையா, தேறிவிட்டதால் விட்டார்களா? நான்கும் நான்கு வேறு விஷயம். விலகியவர்களும் கடைசி வினாத்தாளை நிரப்ப வேண்டும். அவர்களின் நேரத்துக்கும் செலவுக்கும் நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட அளவில் டேட்டாவோ ஏர்டைமோ கொடுங்கள்.

கெடுதலையும் எண்ணுங்கள். பிஎச்கியூ-ஏயில் 5 மதிப்பெண்ணுக்கு மேல் ஏறிய பிள்ளைகள் இரண்டு குழுவிலும் எத்தனை பேர்? தன் துயரத்தை நாள்தோறும் எண்ணிப் பார்ப்பதே சிலருக்குப் பாரமாகலாம். சோதனையில் சேராத ஒரு மூத்த உளவியலாளரிடம் இந்தப் பட்டியல் மாதந்தோறும் போக வேண்டும். நிறுத்து என்றால் நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும்.

பத்தாம் படி: எண்களைப் படிப்பது, பிறகு சொல்வது

சீட்டில் எந்தக் குழு வந்ததோ அந்தக் குழுவிலேயே ஒவ்வொரு பிள்ளையையும் வைத்துக் கணக்கிடுங்கள், செயலியைத் திறக்கவே இல்லையென்றாலும். எட்டு வாரமும் முடித்தவர்களை மட்டும் எடுத்தால் எந்தச் செயலியும் அழகாகத் தெரியும். முடிக்கிறவர்கள் ஏற்கெனவே கொஞ்சம் தெம்பு உள்ளவர்கள். வகுப்பு வகுப்பாகப் பிரித்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும். செயலி நிறுவனம் தரும் அறிக்கையில் "பயன்படுத்தியவர்களில் இத்தனை சதவீதம் நன்றாக உணர்ந்தனர்" என்று வந்தால், மொத்தம் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்ற எண்ணைக் கேளுங்கள்.

இசிசூலு பேசும் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கும், சொந்த போன் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பலன் ஒன்றாக இருந்ததா என்று தனியாகப் பாருங்கள். எண்ணிக்கை சின்னது என்பதால் அது குறிப்புதான், முடிவு அல்ல. ஆனால் அடுத்த முறை எதைத் திருத்துவது என்று காட்டும்.

பலன் இல்லை என்று வந்தாலும் அப்படியே எழுதி வெளியிடுங்கள். அடுத்த பள்ளி அதே செயலிக்குக் காசு கொடுக்காமல் தப்பும்.

பலன் இருந்தால் ஒப்பீட்டுக் குழுவுக்கும் செயலியை அதே ஆண்டுக்குள் கொடுங்கள். ஆலோசகரோடு பேசிப் பழகிய பிள்ளைகளைச் சோதனை முடிந்த நாளில் சட்டென்று வெட்டிவிடக் கூடாது. குறைந்தது பருவம் முடியும் வரை அழைப்பைத் தொடர்ந்து, பின்னால் யாரிடம் போகலாம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதற்கான சம்பளத்தைச் சோதனையின் வரவுசெலவில் முதலிலேயே போட்டுவிடுங்கள். கடைசியில் யாரும் தர மாட்டார்கள். முடிவுகளை முதலில் பிள்ளைகளிடமும், அப்புறம் பெற்றோரிடமும், அதற்குப் பிறகு கல்வித் துறையிடமும் சொல்லுங்கள். பதிவுகள் எந்தத் தேதியில் அழிக்கப்படும் என்பதை அதே கூட்டத்தில் பலகையில் எழுதி, அந்தத் தேதியில் அழித்ததற்கான கடிதத்தை நிறுவனத்திடமிருந்து வாங்கிப் பள்ளி அலுவலகக் கோப்பில் வையுங்கள்.